காசுக்கும் ஒரு கேஸ் ஷீட் வேண்டும்

1/
வாரத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸில் ஒரு பழைய காசுப் படத்தை அனுப்பி, "டாக்டர், இது எவ்வளவு போகும்?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் பற்றி எழுதுகிற ஆளிடம் இந்தக் கேள்வி வரக் காரணம் உண்டு. பழங்காசுகளைப் பற்றிப் படிப்பது பல வருடங்களாக என் பொழுதுபோக்கு. நான் நாணயவியல் அறிஞர் கிடையாது, வாங்கி விற்பவனும் கிடையாது. ஆனால் அந்தச் சந்தையை ஆர்வத்தோடு கவனிக்கிறவன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத நேரம் போதவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்தத் த்ரெட். கொஞ்சம் நீளம்தான். நடுவில் ஒரு நோயாளியும் வருவார்.

2/
முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிடுவோம். பழைய காசு என்றாலே லட்சக்கணக்கில் போகும் என்பது பொய்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் செப்புக் காசுகள் சுமார் 1700 வருடப் பழசு. ஐரோப்பாவில் மண் ஒட்டியபடியே மொத்தமாக அள்ளி, ஒன்று சில டாலருக்கு விற்கிறார்கள். நம்ம ராஜராஜ சோழன் பெயர் பொறித்த சாதாரணச் செப்புக் காசு ஆயிரம் வருடப் பழசு. அதுவும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. காரணம் ரொம்ப எளிது. அடித்தது ஏராளம், மிஞ்சியதும் ஏராளம்.

3/
அப்போ எது விலையைத் தீர்மானிக்கிறது? ரொம்ப நாளாக மூன்று விஷயங்கள் சொல்வார்கள். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள்.

மூன்றாவதை லேசாக நினைக்காதீங்க. ரோமப் பேரரசர் திபேரியஸின் வெள்ளி தினாரியஸ் ஒன்றும் அபூர்வமான காசு இல்லை. கொங்கு மண்டலத்திலேயே புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் பைபிளில் வரி கட்டுவது பற்றி இயேசுவிடம் கேட்கும் இடத்தில் வருவது இந்தக் காசுதான் என்ற நம்பிக்கை பரவியிருப்பதால், அதே அளவு கிடைக்கும் மற்ற தினாரியஸ்களை விட இதற்குக் கிராக்கி அதிகம். வெள்ளிக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை.

4/
கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்தச் சந்தையில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. என் கணக்கில் இப்போது அதுதான் மற்ற மூன்றையும் விட முக்கியம். இந்தக் காசு எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாறு.

மருத்துவர்களுக்கு இது புதுசில்லை. மயக்கமாகக் கொண்டுவந்து போட்ட ஒரு நோயாளிக்குப் பழைய சீட்டும் இல்லை, கூட வந்தவரும் இல்லை என்றால் எங்கள் பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். கேஸ் ஷீட் இல்லாத நோயாளி மாதிரிதான் வரலாறு இல்லாத காசும். பார்க்கலாம், தொடலாம், எடை போடலாம். அது எங்கிருந்து வந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது.

5/
இதைப் புரிந்துகொள்ள இரண்டு தங்கக் காசுகளின் கதை போதும்.

முதல் காசு. கி.மு. 44 மார்ச் 15-ல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், அடுத்த ஓரிரு வருடங்களில் தன் படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு அடித்தார். ஒரு பக்கம் அவர் முகம். மறு பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த நாளின் பெயர். ஒரு கொலையைப் பெருமையாகக் காசில் போட்டுக்கொண்ட சங்கதி என்பதால் இதற்கு எப்போதும் தனி மவுசு. வெள்ளியில் கொஞ்சம் உண்டு. தங்கத்தில் உலகத்துக்கே மூன்றுதான் தெரிய வந்திருக்கின்றன.

6/
அந்த மூன்றில் ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. கோவிட் காலம். வீட்டில் முடங்கிக் கிடந்த சேகரிப்பாளர்கள் எல்லாம் ஆன்லைன் ஏலத்துக்கு வந்து விலையை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். 32 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. ஏறக்குறைய 42 லட்சம் டாலர். அதுவரை எந்தப் பண்டைய காசும் ஏலத்தில் தொடாத விலை.

ஏலப் பட்டியலில் அதற்கு ஒரு வரலாறும் எழுதியிருந்தார்கள், ஒரு பிரபு குடும்பத்தின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று.

7/
அந்த வரலாறு ஜோடித்தது.

நியூயார்க்கில் விசாரணை நடந்தது. 2023 ஜனவரியில் ஏல நிறுவன உரிமையாளர் கைதானார். அதே வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு கிரீஸ் நாட்டு மண்ணிலிருந்து களவாடப்பட்டது என்று முடிவாகி, 2023 மார்ச்சில் கிரீஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒன்று கவனிங்க. காசு போலியில்லை, தங்கம் போலியில்லை. அதன் கேஸ் ஷீட் மட்டும்தான் போலி. 42 லட்சம் டாலர் போட்டு வாங்கிய பொருள் வாங்கியவர் கையில் நிற்காமல் போக அது போதுமானதாக இருந்தது.

8/
இரண்டாவது காசு. கருங்கடல் ஓரம், கிரிமியாவில் இருந்த பாண்டிகபாயம் என்ற கிரேக்க ஊர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அடித்த தங்கக் காசு. ஆட்டுக் காதும் தாடியுமாக ஒரு வனதேவதையின் முகம் நம்மை முக்கால்வாசி திரும்பிப் பார்க்கும்.

இது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருந்தது. பணத் தேவைக்காகச் சோவியத் அரசே 1930-களில் வெளிநாட்டில் விற்றது. அந்தப் பழைய விற்பனைக்குப் பதிவு இருக்கிறது. 2023 மே மாதம் சூரிச்சில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 60 லட்சம் டாலருக்குப் போய், புரூட்டஸ் காசின் சாதனையைத் தாண்டியது.

மார்ச்சில் ஒரு காசு பறிமுதலாகித் திரும்பிப் போகிறது. மே மாதம் இன்னொரு காசு உலக சாதனை படைக்கிறது. இரண்டும் அசல், இரண்டும் அபூர்வம். வித்தியாசம் காகிதத்தில்.

9/
இது ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லை. பண்பாட்டுச் சொத்துக் கடத்தலுக்கு எதிராக 1970-ல் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. பிறகு அமெரிக்கா நாடு நாடாக ஒப்பந்தம் போட்டு, சில வகைப் பழங்காசுகள் உரிய தாள்கள் இல்லாமல் உள்ளே வரத் தடை போட ஆரம்பித்தது. 2007-ல் சைப்ரஸ் காசுகள், 2011-ல் இத்தாலி, கிரீஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

விளைவு? ஒரே மாதிரி இரண்டு காசு ஏலத்துக்கு வந்தால், 1970-க்கு முந்தைய பட்டியலில் படத்தோடு இருக்கும் காசுக்குக் கூடுதல் விலை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத காசை வாங்கப் பெரிய சேகரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். நாளைக்கு அதை விற்க முடியுமா என்ற பயம்.

10/
இதில் ரசிக்கத்தக்க ஒரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்துக் காசு ஒவ்வொன்றும் சுத்தியால் கையில் அடித்தது. ஒரே அச்சில் அடித்தாலும் ஓரத்து விரிசல், முகம் விலகி விழுந்த கோணம் எல்லாம் காசுக்குக் காசு மாறும். கைரேகை மாதிரி.

இப்போது நூறு வருடத்துக்கு முந்தைய ஏலப் பட்டியல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, தன் கையில் இருக்கும் காசு பழைய கருப்பு வெள்ளைப் படத்தில் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடுகிறார்கள். புது எக்ஸ்ரேயைப் பழைய எக்ஸ்ரேயோடு வைத்து நாங்கள் பார்ப்பது போலத்தான். பொருந்திவிட்டால் தொலைந்த கேஸ் ஷீட் கிடைத்த மாதிரி. காசு மாறவில்லை, விலை ஏறிவிடும்.

11/
இன்னொரு போக்கு, பிளாஸ்டிக் பெட்டி. அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி முத்திரை குத்திக் கொடுக்கின்றன. அச்சு எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்பதற்கு ஐந்துக்கு இவ்வளவு, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இவ்வளவு. புதிதாக வருகிறவர்களுக்கு இது தைரியம் கொடுக்கிறது. காசைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகிய பழைய ஆட்களுக்கோ எரிச்சல்.

பெட்டியின் மதிப்பெண் சொல்வது காசின் இன்றைய உடல்நிலையை. எந்த மண்ணில் கிடந்தது என்பதைச் சொல்லாது.

12/
"சரி டாக்டர், லண்டன் ஏலத்துக்கும் எங்க வீட்டுச் சுருக்குப்பைக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கிறது. 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு பானையில் 501 ரோமத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருந்தது. ஒற்றைக் காசில் ஒரு வெட்டைப் பார்த்திருந்தால் யாரோ விளையாட்டுக்குக் கீறியது என்று போயிருப்போம். நூற்றுக்கணக்கான காசுகளில், ஒரே பானைக்குள், ஒரே மாதிரி வெட்டு என்பதால்தான் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தது. இனி இது காசாகச் செல்லக்கூடாது, வெறும் தங்கம்தான் என்று காட்ட வெட்டினார்களா, வேறு காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்க முடிவதே, எத்தனை, எங்கே, எது எதோடு என்று அன்றைக்கு ஒருவர் எழுதி வைத்ததால்தான்.

13/
கரூரை எடுத்துக்கோங்க. அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்தன. மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் எழுதி, ரோமக் காசு பாணியில் அரசன் முகம் போட்ட வெள்ளிக் காசு. கொல்லிப்புறை பெயரிலும் காசுகள் உண்டு. சேரர் தலைநகர் வஞ்சி எது என்ற பழைய சண்டையில், கரூர்தான் என்று சொல்கிறவர்கள் எடுத்து வைக்கும் சான்றுகளில் இந்தக் காசுகளும் சேர்த்தி.

அதே மாக்கோதை காசு ஊர் பெயர் இல்லாமல் வெளிநாட்டு ஏலத்தில் வந்தால்? அழகான ஒரு வெள்ளிக் காசு, அவ்வளவுதான். வஞ்சி வழக்கில் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

14/
சேகரிப்பாளர்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தேடித் தேடி வாங்கிச் சேர்த்த காசுகளில்தான் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசு தெரிய வந்தது. சங்க கால அரசர்கள் சொந்தப் பெயரில் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது பெரிய ஆதாரமானது. அவர் வாங்கி, படித்து, எழுதாமல் விட்டிருந்தால் அது உருக்கும் பாத்திரத்துக்குள் போயிருக்கலாம்.

ஆனால் அந்தக் காசின் காலத்தை எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. குழியில் எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்திருந்தால் இன்னும் உறுதியாகப் பேசியிருக்கலாம். வாங்குபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், முதலில் தோண்டியவர் சொல்லாததை அவரால் எழுத முடியாது.

15/
இப்போ நோயாளி. எங்கள் பக்கத்து ஆற்றங்கரை ஊர், அறுபது தாண்டிய விவசாயி. குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. "ஐயா, இப்பவே ஆபரேஷன் செஞ்சுக்குங்க, சின்ன விஷயம். அரசு ஆஸ்பத்திரியிலேயே செலவில்லாம செய்யலாம்" என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் ஆளைக் காணோம். ஒரு நாள் ராத்திரி வந்தார், வயிறு உப்பி, வாந்தியோடு. இறங்கிய குடல் மாட்டிக்கொண்டு அடைத்துவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஓடினார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

16/
ஏன் இவ்வளவு தள்ளிப்போட்டீங்க என்று பிறகு மகனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"வாய்க்கா ஓரமா பைப்பு போடக் குழி தோண்டறப்ப காசு கெடைச்சுதுங்க சார். யூடியூப்ல ஒரு நம்பர் போட்டிருந்தாங்க. போட்டோ அனுப்புனேன். முப்பது லட்சம் தர்றோம்னாங்க. வந்ததும் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரில சேர்த்து நல்லபடியா பாத்துக்கலாம்னு..."

முப்பது லட்சம் வரவில்லை. அதற்குப் பதில் பதிவுக் கட்டணம் 2,500, ஜிஎஸ்டி 9,000, 'ரிசர்வ் வங்கி அனுமதி' 15,000 என்று மகன் கட்டியிருக்கிறார். அப்புறம் அந்த நம்பர் அணைந்துவிட்டது.

17/
சுருக்குப்பையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு விக்டோரியா காலணா, அது வீட்டில் முன்னாடியே இருந்தது. மண்ணில் கிடைத்தவை நாலு குட்டிச் சதுரச் செப்புக் காசுகள், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று. ஒன்றில் யானை மாதிரி ஏதோ ஒரு நிழல். எழுத்து இருந்ததா? இருந்திருந்தாலும் புளியோடு போயிருக்கும்.

"இவ்வளவுதானா தம்பி?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு இருந்துச்சுங்க சார். எல்லாம் ஒரே எடத்துல கட்டியா ஒட்டிக் கெடந்துச்சு. யாரும் வாங்கலையா, அதான் பழைய பாத்திரக் கடையில எடைக்குப் போட்டுட்டேன்."

சங்க காலமா, பிற்காலமா, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குப் போனது 26,500 ரூபாயும் ஒரு துண்டுக் குடலும். நம்ம எல்லாருக்கும் சேர்த்துப் போனது அந்த நாற்பது காசு.

18/
மோசடி பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதற்கு ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதை எச்சரிக்கையாக வெளியிட்டது. டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள், வைஷ்ணவி தேவி காசுக்கு லட்சங்கள், அரிசியை இழுக்கும் செம்புக் காசுக்குக் கோடிகள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தருவான். உங்களிடம் முன்பணம் கேட்கிறான் என்றால் அவன் வாங்க வந்தவன் இல்லை.

19/
அடுத்து சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தாத்தா வைத்துவிட்டுப் போன காசைப் பெட்டியில் வைத்திருப்பதில் தவறில்லை. மண்ணிலிருந்து எடுத்தது வேறு கதை. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில் வரை போகலாம்.

அந்த மகனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எங்கே, எத்தனை அடி ஆழம், எப்படி ஒட்டிக் கிடந்தது, மீதி என்னாச்சு என்று அவர் சொன்னதை எல்லாம் அதில் எழுதினோம். பயந்துகொண்டேதான் தாலுகா ஆபீஸ் போனார். நாலு காசையும் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்.

20/
ஆனால் அவர் பயத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த 1878 சட்டப்படி அரசு புதையலை எடுத்துக்கொண்டால் தர வேண்டியது உலோகத்தின் மதிப்பு, கூடவே அதில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கம் என்றால் பரவாயில்லை. நாலு செப்புக் காசின் உலோக விலை டீ வடைக்குக் கூட வராது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஏறியவருக்கு இதுதான் கணக்கு என்றால், அடுத்தவர் பாத்திரக் கடைக்குத்தான் போவார்.

இங்கிலாந்தில் 1996-ல் புதையல் சட்டத்தை மாற்றினார்கள். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலையைக் கணித்து, கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். புதையல் கணக்கில் வராத சாதாரணக் காசைக் கூடக் காட்டிப் பதிவு செய்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போகலாம். அப்படிப் பதிவானவை 10 லட்சத்துக்கும் மேல். அங்கே இருப்பவர்கள் எல்லாம் புத்தர்கள் இல்லை, திருட்டுத் தோண்டல் அங்கேயும் உண்டு. ஆனால் நேர்மையாக இருக்கிறவனுக்கு நஷ்டம் வராதபடி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

21/
சட்டம் மாறும்போது மாறட்டும். இன்றைக்கே நம் கையில் இருக்கிற சில விஷயங்கள்:

• புளி, எலுமிச்சை, சாம்பல், ஆசிட் எதுவும் போடாதீங்க. பச்சைக் களிம்பு காசின் தோல். உரித்தால் எழுத்தும் போகும், விலையும் போகும்.
• வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது வேறு. அதற்குப் பெயரே 'வெண்கல நோய்'. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. தனியாக, ஈரம் படாமல் வையுங்க. அருங்காட்சியகத்தில் காட்டுங்க.
• கட்டியாக ஒட்டிக் கிடந்தால் பிரிக்காதீங்க. எது எதோடு கிடந்தது என்பதே ஒரு சேதி.
• மண்ணில் கிடைத்தால் அங்கேயே போட்டோ, பிறகு விஏஓ அல்லது தாசில்தார். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க.
• என்ன காசு என்று தெரிய மாவட்ட அருங்காட்சியகம், சென்னைக்காரர்களுக்கு எழும்பூர். யூடியூப் நம்பர் வேண்டாம்.
• காசு விற்ற பணத்தை நம்பி எந்தச் சிகிச்சையையும் தள்ளிப்போடாதீங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கிட்டு வாங்க.

22/
வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. பெட்டியில் இருக்கும் பழைய காசு ஒவ்வொன்றையும் ஒரு காகிதக் கவரில் போட்டு, யார் வைத்திருந்தது, எந்த ஊரில் கிடைத்தது, எப்போது வந்தது, யார் சொன்னது என்று நாலு வரி எழுதி வையுங்க. கவருக்குள்ளே இருப்பது நூறு ரூபாய் காசாகவே இருக்கட்டும். பாட்டிக்கு இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் இருக்குமா என்று ஒரு டாக்டராக என்னால் உத்தரவாதம் தர முடியாது.

படம் அனுப்புகிறவர்கள் அந்த நாலு வரியையும் சேர்த்து அனுப்புங்க. விலை எனக்குத் தெரியாது. கதை தெரிந்தால் எந்த அருங்காட்சியகத்தில் கேட்கலாம் என்று சொல்கிறேன்.